வேர் சிகிச்சை செய்த பல்லுக்குப் போட்ட கேப்புக்கான காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
குடும்ப நலக் காப்பீட்டுப் பாலிசிதாரர்,
திண்டுக்கல்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
நலக் காப்பீட்டு நிறுவனம்,
சென்னை.

நாள்: 20.11.2025

பொருள்: என் தாயாரின் பல் சிகிச்சைக்கான க்ளெய்ம் இருமுறை, இரு வேறு காரணங்களால் மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல்.

பார்வை: தங்கள் மறுப்புக் கடிதங்கள், நாள் 31.10.2025 மற்றும் 14.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நானும் 62 வயதான என் தாயாரும் தங்கள் நிறுவனத்தின் குடும்ப நலக் காப்பீட்டில் இருக்கிறோம். அதனுடன் கூடுதல் பிரீமியம் செலுத்திப் புறநோயாளி சிகிச்சைக்கான இணைப்பையும் எடுத்திருக்கிறோம். அதில் பல் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் வரம்பு உண்டு. ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் எங்கள் பங்கு. செலவழிக்காத தொகை அடுத்த ஆண்டுக்குச் சேராது. நம் ஊரில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் தவிரப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்பதை அறிந்தே, அம்மாவின் பற்களுக்காகவே இந்த இணைப்பை எடுத்தேன்.

கடந்த ஆகஸ்ட் மாதம் அவருக்கு வலது கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லில், மருத்துவர் 46 என்று எண்ணிட்டு எழுதும் பல்லில், தாங்க முடியாத வலி வந்தது. சொத்தை வேர் வரை இறங்கியிருந்ததால் மூன்று அமர்வுகளில் வேர் சிகிச்சை நடந்து செப்டம்பர் 3-ஆம் தேதி முடிந்தது. எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டிய மருத்துவர், உள்ளே குடைந்து எடுத்தபின் பல்லில் சுற்றுச்சுவர் மட்டுமே நிற்கிறது என்றும், கடித்து அரைக்கும் அழுத்தத்தில் அது பிளந்தால் பல்லையே பிடுங்க நேரிடும் என்றும், ஆகவே சீக்கிரம் கேப் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

வேர் சிகிச்சைக்கும் எக்ஸ்ரேவுக்குமாக 5,900 ரூபாய் ஆயிற்று. எங்கள் பங்கு போக 4,720 ரூபாயைத் தாங்கள் வழங்கினீர்கள். அதில் குறை ஏதுமில்லை. கேப்புக்கு 6,500 ரூபாய் என்று மருத்துவர் சொன்னதும், எங்கள் பாலிசி ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி முடிவதைக் கருதி, செப்டம்பர் 4 அன்று தங்கள் உதவி எண்ணை அழைத்து, கேப்பை இப்போதே போட வேண்டுமா, புதுப்பித்த பின் போடலாமா என்று கேட்டேன். பில் எந்தப் பாலிசி ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் வரம்பில்தான் அது கணக்காகும் என்றும், இப்போது போட்டால் மீதமுள்ள 3,280 ரூபாய்தான் கிடைக்கும் என்றும், அக்டோபர் 10-க்குப் பின் போட்டால் எங்கள் பங்கு போக 5,200 ரூபாய் முழுமையாகக் கிடைக்கும் என்றும் தங்கள் பிரதிநிதி தெளிவாகச் சொன்னார். அந்த அழைப்பின் பதிவு எண் என்னிடம் உள்ளது.

அவர் சொன்னதை நம்பி ஐந்து வாரங்களுக்கும் மேல் காத்திருந்தோம். அத்தனை நாளும் என் தாயார் இடது பக்கமாகவே மென்றார். சப்பாத்தியைக் குருமாவில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். வேர் சிகிச்சைக்குப் பின் பல்லில் வைத்திருந்த தற்காலிக அடைப்பு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் வறுத்த கடலையைக் கையால்கூடத் தொடவில்லை. வெறும் 1,920 ரூபாய் வித்தியாசத்துக்காக அவரைக் காக்க வைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பாலிசியைப் புதுப்பித்து, அக்டோபர் 13-இல் அளவெடுத்து, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக 18-ஆம் தேதி கேப் பொருத்தினோம்.

அதன் பிறகு வந்த முதல் கடிதம், கேப் என்பது அழகுக்கான சிகிச்சை என்று கூறி, 08-ஆம் எண் விலக்கின் கீழ் க்ளெய்மை மறுத்தது. அந்த விலக்கைப் பாலிசிப் புத்தகத்தில் முழுவதும் படித்தேன். தோற்றத்தை மாற்றுவதற்காகச் செய்யும் சிகிச்சைகளைப் பற்றியது அது. வாயைத் திறந்து விளக்கு அடித்தால் ஒழிய வெளியே தெரியாத கடைவாய்ப்பல்லில் எந்தத் தோற்றம் மாறிவிடும்? பல் உடையாமல் இருக்கக் கேப் அவசியம் என்ற மருத்துவரின் சான்றிதழை நவம்பர் 3 அன்று அனுப்பினேன். அதற்குப் பதிலாக வந்த இரண்டாம் கடிதத்தில் அழகுச் சிகிச்சை என்ற பேச்சே இல்லை. கேப் என்பது முந்தைய பாலிசி ஆண்டில் தொடங்கிய வேர் சிகிச்சையின் தொடர்ச்சி என்பதால் புதிய ஆண்டின் வரம்பில் வராது என்று புதிதாக ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது.

இந்த இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கேப் வேர் சிகிச்சையின் தொடர்ச்சி என்றால் அது நோய்க்கான சிகிச்சை என்பதைத் தாங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். தொடங்கிய ஆண்டுதான் கணக்கு என்பது விதியானால், செப்டம்பர் 4 அன்று நான் கேட்டபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்றே கேப் போட்டு 3,280 ரூபாயாவது பெற்றிருப்போம். இப்போது பழைய ஆண்டின் மீதியும் காலாவதியாகிவிட்டது, புதிய ஆண்டின் தொகையும் மறுக்கப்படுகிறது. இன்னொன்று, தொடங்கிய ஆண்டுதான் கணக்கு என்ற விதி பாலிசிப் புத்தகத்தில் எங்குமே இல்லை. இரண்டாம் கடிதமும் எந்தப் பிரிவையும் சுட்டவில்லை. க்ளெய்மை மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கப்படுகிறது என்று குறிப்பிட வேண்டும் என்பதும், க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி மறுக்கக் கூடாது என்பதும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையில் உள்ளவை. அந்தக் குழு இதைப் பார்த்ததற்கான அடையாளம் இரு கடிதங்களிலும் இல்லை.

பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளையும் இங்கே குறிப்பிட வேண்டும். கேட்டால் அதை உள்ளூர் மொழியில் தர வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் தாயாருக்காக 2024 அக்டோபரிலேயே மின்னஞ்சலில் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. தன் பல்லுக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பதை அவரே படித்துத் தெரிந்துகொள்ள வழி இருந்திருந்தால், நான் தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே, செப்டம்பர் 4-ஆம் தேதி அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு, தங்கள் பிரதிநிதி சொன்னபடி 5,200 ரூபாயை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால் மறுஆய்வுக் குழுவின் முடிவையும் உரிய பிரிவு எண்ணையும் எழுத்தில் தர வேண்டும். தமிழ்த் தகவல் தாளும் வேண்டும். 14 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ஐஆர்டிஏஐ-யின் இணையப் புகார்த் தளமான பீமா பரோசாவில் பதிவு செய்வதுடன், உரிய காலம் கடந்ததும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் அணுகுவேன். பில்கள், எக்ஸ்ரே படம், மருத்துவர் சான்றிதழ், தங்கள் இரு கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

என் தாயாருக்கு இடது பக்கத்திலும் ஒரு சொத்தைப் பல்லை அடைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு இந்தப் பாலிசி ஆண்டின் வரம்பில் சேருமா, எவ்வளவு கிடைக்கும் என்பதையும் இதே பதிலில் எழுத்தில் தெரிவியுங்கள். அது வந்த பிறகே மருத்துவரிடம் நாள் வாங்குவதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலிசிதாரர்