ஜூலை விருந்துக்கு எந்த ஒயின்?

நாந்த், பிரான்ஸ்,
மே 18

அன்புள்ள பிரகாசம்,

உன் கடிதம் சென்ற வாரமே வந்து சேர்ந்தது. உன் மகளின் நிச்சயதார்த்தம் ஜூலை மாதத்தில், அதுவும் வீட்டுத் தோட்டத்திலேயே என்று படித்ததும் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. மேரிக்கு முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கிறது; ஆகவே இருவருமே வருகிறோம். சமையலை உன் மனைவியும் அவருடைய தங்கையும் பார்த்துக்கொள்ள, ஒயின் பொறுப்பு மட்டும் உன் தலையில் விழுந்துவிட்டது என்றும், சூப்பர் மார்க்கெட்டில் அந்த அடுக்குகளின் முன்னால் நின்றாலே தலை சுற்றுகிறது என்றும் எழுதியிருந்தாய். பணி ஓய்வுக்குப் பிறகு நாந்துக்குத் தெற்கே உள்ள திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி வருவதே எனக்கு வேலையாகிவிட்டதால், இந்த ஒரு விஷயத்தில் நான் உனக்கு உதவ முடியும்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கோடைக்கு ஒயின் வாங்குகிறவன் ஊர்ப்பெயரைப் பார்ப்பதைவிட, திராட்சையை வளர்த்தவரும் பாட்டிலில் அடைத்தவரும் ஒருவர்தானா என்று பார்ப்பது மேல். ஊர்ப்பெயர் பிரபலமாக இருந்து விலை மட்டும் மலிவாக இருந்தால், அது பெரும்பாலும் ஒரு வணிக நிறுவனம் பல இடங்களில் வாங்கிக் கலந்த சரக்காக இருக்கும். குடிக்கலாம், குற்றமில்லை, ஆனால் நினைவில் நிற்காது. அதே பத்து யூரோவை யாரும் பெரிதாகப் பேசாத ஒரு பகுதியின் சிறு விவசாயியிடம் கொடுத்தால், அவர் தம் பெயரைப் போட்டு விற்கும் நல்ல ஒயினே உனக்குக் கிடைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. லேபிளின் கீழே சிறிய எழுத்தில், எங்கே பாட்டிலில் அடைக்கப்பட்டது என்று போட்டிருப்பார்கள். தொமேன் அல்லது ஷத்தோவில், அதாவது அந்தத் தோட்டப் பண்ணையிலேயே, அடைத்தது என்றிருந்தால் நல்ல அறிகுறி. வெறுமனே 'ப்ரொப்ரியேத்தே' (சொத்து) என்றிருந்தால் அது கூட்டுறவுச் சங்கத்தின் ஒயினாகவும் இருக்கலாம். கழுத்து உறையின் உச்சியில், பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் பெண்ணுருவத்துடன் 'ஆர்' (R) என்ற எழுத்து இருந்தால் அறுவடை செய்தவரே விற்கிறார் என்று பொருள். 'என்' (N) என்ற எழுத்து என்றால் வணிகர். அந்த உறை இப்போது கட்டாயமில்லை என்பதால் எல்லா பாட்டில்களிலும் அதை எதிர்பார்க்காதே. இவற்றைவிட எளிய அடையாளம், பீப்பாய் சுமக்கும் மனிதனின் சின்னம். 1978-இல் தொடங்கிய சுதந்திர ஒயின் உற்பத்தியாளர் சங்கத்தின் சின்னம் அது. சொந்தத் தோட்டத்தில் பயிரிட்டு, தம் நிலவறையிலேயே ஒயினாக்கி, தாமே அடைத்து, தாமே விற்பவர்கள்தாம் அதைப் பயன்படுத்த முடியும். ஷாம்பெய்ன் வாங்குவதாக இருந்தால் 'ஆர்.எம்.' (RM) என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் தேடு, போதும்; அறுவடை செய்தவரே தயாரித்தது என்று பொருள்.

இனி விருந்துக்கு வருவோம். வெள்ளை ஒயினுக்கு என் யோசனை எங்கள் ஊர் முஸ்கதேதான். சொந்த ஊர்ப் பாசம் என்று நீ சிரிப்பாய், காரணத்தையும் கேள். பாரிஸின் லா ஷப்பெல் தமிழ்க் கடைகளிலிருந்து வஞ்சிரம் வாங்கி வந்து உன் வீட்டில் மிளகாய்த்தூள் தடவிப் பொரிப்பார்கள், இறாலும் இருக்கும். காரத்தோடு ஆல்கஹால் அதிகமான ஒயின் சேர்ந்தால் நாக்கு எரியும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் சேர்ந்தால் கசக்கும். முஸ்கதேயில் ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். புளிப்பு தூக்கலாகவும், லேசான உப்புச் சுவையோடும் இருப்பதால் மீனுக்கு எலுமிச்சை பிழிந்தது போல வேலை செய்யும்.

அந்தத் திராட்சையின் கதையும் சுவையானது. மெலோன் என்ற அந்த வகை பூர்கோஞ் (பர்கண்டி) பகுதியிலிருந்து வந்தது. 1709-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் இங்கிருந்த கொடிகள் பெரும்பாலும் பட்டுப்போன பிறகு, குளிரைத் தாங்கும் வகை என்று இதை நட்டுப் பெருக்கினார்கள். தானாக மணம் வீசும் வகை இல்லை என்பதால், நொதித்து முடிந்த ஒயினை அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு குளிர்காலம் முழுவதும் அப்படியே விட்டுவைத்து, வசந்தத்தில் நேரடியாக பாட்டிலில் அடைக்கிறார்கள். லேபிளில் 'ஸ்யூர் லீ' என்று போட்டிருப்பது இதைத்தான். வண்டல் ஒயினுக்கு உடம்பு கொடுக்கிறது. உள்ளே சிக்கிய கரியமில வாயு நாக்கின் நுனியில் மிகச் சிறிய முள் போலத் தொடும்.

நான் வழக்கமாக வாங்கும் விவசாயியின் கூடத்தில் பீப்பாய்களே கண்ணில் படாது. தொட்டிகளெல்லாம் தரைக்கு அடியில், சிமென்டால் கட்டி உட்புறம் கண்ணாடி ஓடு பதித்தவை. மேலே வட்ட மூடிகள் மட்டும் வரிசையாகத் தெரியும். அவர் குனிந்து ஒரு மூடியைத் தூக்கி, நீண்ட கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, கிண்ணத்தில் விடுவார். வண்டலோடு சற்று மங்கலாக இருக்கும் அந்த ஒயினில் ரொட்டி மாவின் வாசனை முதலில் வரும், அதற்குப் பிறகுதான் பழம். கொள்ளளவு பெரியது, வெப்பம் மாறாதது, மரவாசனை சேராதது என்பதால் இந்தப் பகுதிக்கு இதுவே பொருத்தம் என்று அவர் வாதாடுவார், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் கண்மூடித்தனமாக உற்பத்தி செய்து முஸ்கதேயின் பெயரை இவர்களே கெடுத்துக்கொண்டார்கள். பலர் தோட்டத்தை விட்டுப் போனார்கள். மிஞ்சியிருப்பவர்கள் பிடிவாதக்காரர்கள். 2021 ஏப்ரல் உறைபனியில் துளிர்கள் கருகி, அந்த ஆண்டு அறுவடை பாதாளத்துக்குப் போன பிறகும் தொடர்கிறார்கள். 2011 முதல் க்லிஸோன், கோர்ஜ், ல பல்லே ஆகிய ஊர்களின் ஒயின்களுக்குத் தனி அங்கீகாரம் உண்டு. முதல் இரண்டும் குறைந்தது 24 மாதம் வண்டலில் கிடந்தவை. விலை சற்றுக் கூடும். சம்பந்தி வீட்டாரின் மேசைக்கு க்லிஸோன் சில பாட்டில்கள் வை, மற்றவர்களுக்குச் சாதாரண ஸ்யூர் லீ போதும்.

கார உணவைத் தொடமாட்டேன் என்பவர்களுக்கும், ஒயினே பழகாத உறவினர்களுக்கும் லுவார் ஆற்றங்கரையின் வூவ்ரே 'தெமி-செக்' (அரை இனிப்பு) வெள்ளை ஒயின் வாங்கலாம். சிறிது இனிப்பு இருந்தாலும் ஷெனென் திராட்சையின் புளிப்பு அதைத் திகட்டவிடாது. உண்மையில் காரக் குழம்புக்கும் அதுதான் ஏற்றது. சவ்வா மலைப்பகுதியின் அப்ரமோன் இன்னும் லேசானது. 1248-இல் மோன் கிரனியே மலை சரிந்து ஊர்களை மூடிய அந்தக் கற்குவியலின் மேல்தான் இன்று அந்தக் கொடிகள் நிற்கின்றன.

ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயின் விஷயத்தில் நம் இருவருக்கும் தகராறு வரும் என்று தெரியும். வெளிறிய நிறம் உயர்ந்த தரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தோலோடு சாறு எவ்வளவு குறைந்த நேரம் இருந்தது என்பதைத்தான் அந்த நிறம் பெரும்பாலும் காட்டுகிறது. நிறத்தைக் காட்டுவதற்காகவே தெளிந்த கண்ணாடியில் அடைக்கிறார்கள். கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் வாரக்கணக்கில் நின்றால் அந்த ஒயினுக்கு வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனை வந்துவிடும். உன் தோட்டத்தில் கறி சுடுவதாக இருந்தால் ரோன் பகுதியின் தவெல் வாங்கு. 1936 முதல் அங்கே ரோஸேயைத் தவிர வேறெதற்கும் அந்தப் பெயர் கிடையாது. ரோஜாப்பூ நிறம் தாண்டிச் சிவப்பை நெருங்கும். உணவோடு நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆல்கஹாலும் கூடுதல், மதியம் நாலு மணி வெயிலில் அளவோடு ஊற்று.

சிவப்பு வேண்டாம் என்று விட்டுவிடாதே. பொஜொலே பகுதியில் தனிப்பெயர் பெற்ற பத்து ஒயின்களில் ஷிரூப்ல் அல்லது ஃப்ளரி எடுத்துக்கொள். 1395-இல் பூர்கோஞ் கோமகன் பிலிப் 'கெட்ட செடி' என்று விரட்டிய கமே திராட்சைதான் அது. அந்தக் கோமகனுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். குலைகளை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் போடுவதால் நொதித்தல் பழத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பழவாசனை நிறைய, துவர்ப்பு குறைவு. குளிர்பெட்டியில் வைத்து 13 பாகை செல்சியஸ் அளவில் கொடுத்தால் சிவப்பு ஒயின் வெயிலுக்கு ஆகாது என்பவர்களும் இரண்டாம் முறை கிண்ணம் நீட்டுவார்கள்.

உன் மகன் கேட்டிருந்த 'இயற்கை ஒயின்' பற்றி ஒரு வார்த்தை. நல்லவை மிக நல்லவை. 2020-இல் வந்த முத்திரையின் விதிப்படி, ஒயின் கெடாமல் காக்கும் சல்பைட் சேர்த்தாலும் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் இவ்வளவு குறைந்த பாதுகாப்போடு ஜூலை வெயிலில் காரில் வந்து, நாள்முழுதும் வெளியில் நிற்கும் ஒயின் எப்படி மாறும் என்று சொல்ல முடியாது. நாலு பேர் கூடும் இரவுக்கு வாங்கட்டும்; நாற்பது பேர் விருந்துக்கு வேண்டாம்.

பாரிஸில் அந்தச் சுதந்திர உற்பத்தியாளர் சங்கத்தின் பெரிய சந்தைகள் நவம்பரிலும் மார்ச்சிலும்தான் நடக்கும் என்பதால் அந்த வழி இப்போதைக்கு அடைபட்டது. முஸ்கதேயும் வூவ்ரேயும் நானே வாங்கிக் காரில் கொண்டுவருகிறேன். விடியற்காலையில் கிளம்பினால் சூடேறாது. தவெலையும் ஷிரூப்லையும் உற்பத்தியாளருக்கே எழுதி வரவழைத்துக்கொள். ஆறு ஆறாகப் பெட்டியில் அனுப்புவார்கள், வெப்ப அலை எச்சரிக்கை இல்லாத வாரத்தைக் கேட்டுக்கொள். ஒரு பாட்டிலுக்கு ஆறு கிண்ணம் என்று கணக்குப் போட்டு, குடிக்காதவர்களைக் கழித்து, தேவையைவிடச் சற்றுக் கூடுதலாகவே சொல். பனிக்கட்டியை மட்டும் போடாமல் தண்ணீரும் கலந்த தொட்டியில் வைத்தால் சீக்கிரம் குளிரும். முஸ்கதேயை 10 பாகைக்கு மிகவும் கீழே இறக்காதே, வாசனை அடங்கிப்போகும்.

ஜூன் 10-க்குள் எண்ணிக்கையை எழுதி அனுப்பு. அதற்குப் பிறகு இங்கே கோடைப் பயணிகள் வந்து குவிந்துவிடுவார்கள், க்லிஸோன் கிடைப்பது கடினம். மகளுக்கு எங்கள் ஆசியைச் சொல்.

அன்புடன்,
அந்தோணி