சில்லை எப்படி உலர்த்தினீர்கள்?

ஆசிரியருக்கு,

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எங்கள் கரையோரத்தில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கும் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. பெயர்ந்த சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காரணம் கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் நான் பார்த்த அறிக்கைகளில், சோதிக்கும் முன் சில்லை எப்படி உலர்த்தினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

உலர்த்துவதில் என்ன இருக்கிறது என்பீர்கள். இறுகிய சிமென்டில் தண்ணீர் துளைகளில் நிற்பது போக, சேர்மங்களுக்குள்ளேயும் பிணைந்து கிடக்கிறது. வழக்கம்போல 105 டிகிரி ஓவனில் வைத்தால் துளைநீரோடு இந்தப் பிணைந்த நீரிலும் ஒரு பகுதி போய்விடும். முதலில் அடிபடுவது எட்ரிங்கைட் என்ற, சல்பேட் கலந்த படிகம். எந்த சிமென்டிலும் கொஞ்சம் இருக்கும், கடல்நீரின் சல்பேட் உள்ளே புகுந்தால் இன்னும் கூடும். அதன் வாய்ப்பாட்டிலேயே 32 நீர் மூலக்கூறுகள். பெரும்பகுதி வெளியேறினால் படிகம் குலைந்து எக்ஸ்ரே சோதனையில் தெரியவே தெரியாது. அப்புறம் அறிக்கை 'எட்ரிங்கைட் இல்லை' என்கிறது, வீட்டுக்காரரும் சல்பேட் பாதிப்பு இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார். அது கட்டடத்தில் இல்லையா, ஓவனில் போனதா, யார் சொல்வது?

சரி, ஓவன் வேண்டாம் என்று பொடித்துக் கருவாடு மாதிரி வெளியில் பரப்பினால், காற்றிலுள்ள கரியமில வாயு அதன் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்ற ஆரம்பித்துவிடும். கட்டடத்தில் நடக்காதது தட்டில் நடக்கும்.

இருப்பதில் தேவலாம் என்றால், சிறு துண்டுகளை ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைத்துத் துளைநீரை வெளியேற்றி, பிறகு 40 டிகிரி அளவில் உலர்த்துவது. அதிலும் ஆல்கஹால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, சூடாக்கி எடை பார்க்கும் சோதனையில் கார்பனேட்டைக் கூட்டிக் காட்டலாம். குறையில்லாத முறை கிடையாது, அதனால்தான் எந்த முறை என்று எழுதச் சொல்கிறேன்.

கடல் உப்பிலிருந்து வரும் குளோரைடின் மொத்த அளவு மட்டும் வேண்டுமென்றால் ஓவனே போதும், அந்தச் சூட்டில் உப்பு எங்கும் ஓடிவிடாது. கம்பி துருவுக்கு இங்கே பெரும்பாலும் அதுதான் காரணம் என்பதால் பலருக்கு அந்தச் சோதனையே போதும். சல்பேட்டா, கார்பனேட்டா என்று தெரிய வேண்டியவர்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்: முறை, வெப்பநிலை, நேரம்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்திலேயே அரிமானச் (உலோகம் துருப்பிடித்து அரிபடுவது) சோதனை நிலையம் இருக்கிறது. சில்லை எப்படி எடுத்து, எப்படிக் கட்டி அனுப்புவது, எதற்கு எந்த உலர்த்தல் என்று தமிழில் ஒரு பக்கம் அவர்கள் போட்டுக் கொடுத்தால், கொத்தனார் முதல் ஊராட்சி வரை எல்லோருக்கும் உதவும்.

– கட்டட மேற்பார்வையாளர், மண்டபம்