பாக்கலாம்னு சொன்னியே மக்கா

20-9-2024

மக்கா,

சுகமா இருக்கியா. இங்க எல்லாருக்கும் சுகம்தான், அம்மைக்க சுகரு கொஞ்சம் எறங்கியிருக்கு, காலு வீக்கம் மட்டும் அப்படியே கெடக்கு. சின்னவ நான் டைப் பண்ணித் தாரேம்பா, இல்லன்னா வாய்ஸ் போடும்பான்னா, வேண்டாம்னுட்டேன். ஒத்த வெரலால ரெண்டு நாளா அடிக்குதேன், எழுத்து பெசகி இருந்தா நீயே சரியாக்கி வாசிச்சுக்கோ.

செவ்வாக்கெழம ராத்திரி நம்ம லிவர்பூல் மேட்ச் பாத்தியா? நமக்கு பன்னெண்டரை, ஒனக்கு கத்தார்ல பத்து மணி. மூணாவது நிமிஷத்துலயே மிலான்காரன் ஒண்ணு போட்டுட்டான், நான் டிவிய அணைச்சுட்டு படுத்துரலாம்னு எந்திரிச்சேன், அதுக்குள்ள அம்மை "ஒமக்கு வயசு என்ன ஆவுது"ன்னு உள்ள இருந்து சத்தம், அந்த வாசிக்கு திரும்ப உக்காந்துட்டேன். பொறவு கொனாட்டே தலையால ஒண்ணு, வான் டைக் தலையால ஒண்ணு, சோபோஸ்லாய் ஒண்ணு, 3-1. அன்னைக்கு நம்ம புது மேனேஜர், அந்த மொட்டைத்தலை ஸ்லாட்டுக்கு 46-வது பொறந்தநாளு. மிலான்னாலே எனக்கு 2005தான் ஞாபகம் வரும், இஸ்தான்புல் ஃபைனல்ல பாதி மேட்சுல மூணுக்கு சைபர்னு தோத்துக் கெடக்கும்போ நீ நம்ம ஊரு கிளப்பு பெஞ்சுல என் மடில தல வச்சு ஒறங்கிட்ட, பன்னெண்டு வயசு, ஜெரார்டு ஒண்ணு போட்டதும் நான் தோளுல அடிச்சு எழுப்புனேன். அடிச்சதுல கோவம் வந்து பெனால்டி வரைக்கும் எங்கிட்ட நீ பேசல. அப்பவே அந்தக் கொணம்.

செவ்வாக்கெழம ஜெயிச்சது சந்தோஷந்தான், ஆனா அதுக்கு முந்துன சனிக்கெழம சொந்த கிரவுண்டுல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுகிட்ட ஒண்ணுக்கு சைபர்னு தோத்தவனுவதானே, 1969-க்கு பொறவு ஃபாரஸ்ட்டு ஆன்ஃபீல்டுல வந்து லீக் மேட்ச் ஜெயிச்சதே இல்லியாம். மான்செஸ்டர்ல போயி மூணு போட்ட அன்னைக்கு ஐஸ் கம்பெனிக்காரரு இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்னு எல்லாவனுக்கும் சாயா வாங்கிக் குடுத்தாரு, ஃபாரஸ்ட்டுகிட்ட தோத்ததும் அதே ஆளு பழைய மேனேஜர் க்ளாப் போனதோட எல்லாம் போச்சுன்னு துண்ட ஒதறிட்டு எறங்கிப் போனாரு. இப்ப கேட்டா பாக்கலாம்ங்காரு. கிளப்புல எல்லாவனுக்கும் இப்ப வாயில அந்த ஒரு வார்த்ததான். பாக்கலாம்.

நீயும் அதத்தான் சொன்ன. ஆகஸ்ட் 17, இப்ஸ்விச் மேட்ச் தொடங்கதுக்கு முன்ன. "கம்பெனில புது மேனேஜர் வந்துருக்காருப்பா, ஆளு கொறைப்பாருங்கானுவ, பாக்கலாம்"னு சொல்லிட்டு நெட்டு சரியில்லன்னு வச்ச. ஒரு மாசம் தாண்டியாச்சு. கும்புடுத கை வருது, தம்ஸ் அப்பு வருது, வேளாங்கண்ணி மாதா படம் ஃபார்வர்டு வருது. பேச்சு வரல.

நான் ஒண்ணும் கேக்கல கேட்டியா. பந்து விஷயம் மட்டும்தான் பேசப்போறேன்.

ஒரு மேனேஜர் ஒம்பது வருஷத்துக்குக் கிட்ட இருந்துட்டு போறாரு, அந்த நாற்காலில வேற ஒருத்தன் வந்து உக்காரணும்னா லேசா? நீயே சொல்லு. இந்த ஸ்லாட்டு ஹாலந்துல ஃபெயனூர்டுக்கு லீக் வாங்கிக் குடுத்தவரு, சரி, ஆனா இங்கிலீஷ்காரன் ஊர்ல அத யாரு மதிக்கான். வந்து அவரு செஞ்ச நல்ல காரியம் என்னான்னா கையும் காலும் ஓடாம நின்னு பாத்தாரு. இந்த சீசன் ஆடதுக்குன்னு வாங்குனது கியேசா ஒருத்தனத்தான். இருக்கவன வச்சே எடத்த மாத்தி பாத்தாரு, க்ராவன்பெர்க்குன்னு ஒரு பய போன வருஷம் பாதி நேரம் பெஞ்சுல கெடந்தான்லா, அவனத் தூக்கி நடுவுல டிஃபென்சுக்கு முன்னால நிறுத்துனாரு, இப்ப அவனத் தாண்டி பந்து போவ மாட்டேங்குது. அப்பம் புது மேனேஜர்னா எல்லாவனையும் வீட்டுக்கு அனுப்புதவருன்னு இல்ல. நேத்து வரைக்கும் வேண்டாம்னு கெடந்தவனுக்கும் ஒரு எடம் வரும். ஒனக்கு ஏசி வேல மட்டுமில்ல, சில்லர் பிளான்ட் வேலயும் தெரியும், கொச்சில ஒரு வருஷம் பாத்தியே, அத அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கியா? சொல்லணும் மக்கா. நீயா சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும். பாஸ்போர்ட்டு ஒன் கையிலதானே இருக்கு?

ஒஞ் சித்தப்பன் இருக்கானே, மான்செஸ்டர் யுனைட்டட்காரன், வாசல்ல வந்து நின்னுட்டு "மோயஸ் கததான் ஒங்களுக்கும்"னு சிரிக்கான். அவனுவளுக்க பழைய மேனேஜர் ஃபெர்குசனே கை காட்டி 2013-ல கொண்டு வந்த ஆளு, ஆறு வருஷ காண்ட்ராக்டு, ஒரு வருஷம் முழுசா இருக்கல்ல, 2014 ஏப்ரல்ல சீட்டு கிழிச்சுட்டானுவ. நான் விடல. லே, ஒங்க ஃபெர்குசன் 1986-ல வந்து மொத சீசன் எத்தனாவது எடம்னு கேட்டேன். பதினொண்ணு. மொத லீக் எப்ப? 1993. க்ளாப்பும் மொத சீசன்ல எட்டாவதுதான், ரெண்டு ஃபைனல் போயி ரெண்டும் தோத்தாரு, அந்த மனுசன்தான் பின்ன முப்பது வருஷமா வராத லீக்க கொண்டு வந்தாரு. சித்தப்பன் வாயடச்சுப் போயிட்டான். வாய அடச்சதுல எனக்கு கொஞ்சம் பெருமதான், அம்மைகிட்ட ரெண்டு தடவ சொன்னேன்.

கொச்சி போட்டுல போறவனுவ எல்லாம் கேரளா பிளாஸ்டர்ஸ் டீம் பின்னாலதான் இன்னும். அங்கயும் புது கோச்சு, ஸ்டாரேன்னு ஸ்வீடன்காரரு. திருவோணத்தன்னைக்கு மொத மேட்சு, கொச்சில வச்சு, பஞ்சாப்காரன் கடைசி நிமிஷத்துல போட்டு 2-1. ஓணச்சோறு தொண்டைல நின்னுதுன்னு போன் பண்ணிச் சொல்லுதானுவ. இதுக்கு முன்ன இருந்த செர்பியாக்காரரு மொத சீசன்லயே ஃபைனல் வரைக்கும் கொண்டு போனாரு, கோவால ஹைதராபாத்துகிட்ட பெனால்டில தோத்தோம், நீ அப்ப ரூம்ல இருந்து வீடியோ கால்ல அழுத. ஓணத்துக்கு நீ கூப்புடுவன்னு அம்மை போன சார்ஜ்ல போட்டு வச்சிட்டிருந்தா. மாதா பெருநாளுக்கும் அப்படித்தான். குத்தம் சொல்லல.

குத்தந்தான் சொல்லுதேன், மறச்சு என்ன. நேத்து பகல் பதினொண்ணரைக்கு நீ ஆன்லைன்ல காட்டுத, ஒனக்கு ஒம்பது மணி. முந்தாநாளு பத்து மணிக்கு. டூட்டி நேரம்லா அது? டூட்டில போனு தொட விடமாட்டாங்கன்னு நீதான் சொல்லுவ. ராத்திரி மூணு மணிக்கும் காட்டுது. நான் ஒன்ன வேவு பாக்கல, ஒறக்கம் வரல, போன எடுத்தா ஒம் பேருதான் மொதல்ல தெரியுது.

வீட்டு மேல்தளம் போட்டது நீ. சின்னவ நர்சிங் முடிச்சது ஒங் காசுல. லூசைல் ஸ்டேடியம் வாசல்ல வெயில்ல கண்ண சுருக்கிட்டு நிக்கியே அந்த போட்டோ, வேர்ல்டு கப்பு நேரம் அனுப்புனது, அதுக்கு பிரேம் போட்டு அந்தோனியாருக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன், வாறவன் போறவன்கிட்ட எல்லாம் இதுக்குள்ள ஏசி போட்டதுல எம் மவனும் உண்டும்னு சொல்லுவேன், நீ அந்த ஸ்டேடியத்துல வேல பாக்கல, பக்கத்து பில்டிங்ஙுதான்னு எனக்குத் தெரியும். அப்பனுக்கு அந்த அளவு பொய் சொல்ல உரிமை உண்டு.

நம்ம லிவர்பூல் சலாவுக்கு காண்ட்ராக்டு அடுத்த ஜூன்ல முடியுது. மான்செஸ்டர் மேட்ச் முடிஞ்சதும் மைக்குல சொல்லிட்டான், இது எனக்கு கடைசி வருஷம், கிளப்புல யாரும் எங்கிட்ட பேசல்லன்னு. வான் டைக்குக்கும் அப்படித்தான், அலெக்சாண்டர்-ஆர்னால்டுக்கும் அப்படித்தான். எத்தன கோடி வாங்குத பயலுவ, அவனுக்கே வயித்துல புளி கரைக்குது. ஆனா பாரு, அவன் வாயத் தொறந்து சொன்னான். ஊரறியச் சொன்னான். அதுல ஒரு கொறச்சலும் வரல அவனுக்கு. பாஸ்போர்ட்டு கைல இருக்கா இல்லியான்னு ஒரு வார்த்த எழுது. கை கும்புட வேண்டாம், எழுத்துல எழுது.

இனி சொல்லப்போறது ஒனக்குத் தெரிஞ்ச காரியம். நான் சொல்லல்ல இத்தன நாளா.

அந்த இப்ஸ்விச் மேட்ச்தான். ஸ்லாட்டுக்க மொத மேட்சு. பாதி வரைக்கும் கோல் இல்ல. பாதியில குவான்ஸான்னு ஒரு பயல எடுத்துட்டு கொனாட்டேய எறக்குனாரு. குவான்ஸா அஞ்சு வயசுல இருந்து அந்த கிளப்புலயே வளந்த பய, வீட்டுப்பிள்ள மாதிரி. பொறவு ரெண்டு கோலு, ஜெயிச்சாச்சு. மேட்ச் முடிஞ்சு கேட்டா ஸ்லாட்டு ஒளிக்காம சொல்லுதாரு, டூயல், அதான் ஒத்தைக்கு ஒத்த பந்துக்கு மல்லுக்கட்டுதது, நெறைய தோத்தோம், அதான் மாத்துனேன்னு. எல்லாவனும் மேனேஜருக்கு தைரியம் பாருன்னானுவ. எனக்கு அந்தப் பய பெஞ்சுல இருந்ததுதான் கண்ணுல நின்னுது. அன்னைக்கு ராத்திரி நான் ஒறங்கல்ல.

2011. என்ன நம்ம ஊரு கிளப்புக்கு மேனேஜர் ஆக்குன மொத சீசன். முதுகு போயி போட்டுல இருந்து எறங்கின வருஷம், அந்த ஒரு மரியாததான் எனக்கு மிச்சம். கிறிஸ்மஸ் கப்பு செமி, பொழியூர்ல. ஒனக்கு பதினெட்டு. லெஃப்ட்டுல நீ பறந்த, ஒண்ணு போஸ்ட்டுல அடிச்ச, அவனுக்க ரைட் பேக்கு ஒன்ன பிடிக்க முடியாம ரெண்டு தடவ சட்டையப் பிடிச்சு இழுத்தான். பாதியில எம் பின்னால நின்னு ஒருத்தன் சொன்னான், நம்ம ஊர்க்காரன்தான், "மவன ஆட வைக்கத்தானே இவன் மேனேஜர் ஆனது"ன்னு. நான் திரும்பியே பாக்கல்ல. ஒன்ன உக்காரச் சொல்லிட்டேன். ரெண்டு கோல் வாங்கித் தோத்தோம்.

எல்லாவன்கிட்டயும் மூட்டு வலின்னு சொன்னேன். அம்மைகிட்டயும் அதத்தான் சொன்னேன். அவ ஒரு வாரம் ராத்திரி ராத்திரி தைலம் காய்ச்சி ஒனக்க காலுல தடவுனா. நீ காலக் காட்டிட்டு உக்காந்திருந்த. ஒரு வார்த்த, எனக்கு வலி இல்லம்மான்னு ஒரு வார்த்த, நீ சொல்லல்ல. என்னைய காட்டிக் குடுக்கல்ல. பூட்ஸ தூக்கி மச்சுல போட்ட, அடுத்த மாசம் கொச்சிக்கு வேல படிக்கப் போயிட்ட. இன்னைக்கு வரைக்கும் அம்மைக்கு அந்த மூட்டு வலிதான் தெரியும், மழைக்காலம் வந்தா பிள்ளைக்கு அங்க மூட்டு எப்படி இருக்கோங்கா.

மூட்டுல ஒண்ணும் இல்ல மக்கா. நாலு பேரு வாய்க்கு பயந்துட்டேன். டூயல் தோத்தான்னு சொல்லதுக்கு கூட எனக்கு வழியில்ல, நீ ஒண்ணும் தோக்கல்லியே. அந்த ஸ்லாட்டு ஆட்டத்துக்காவ எடுத்தாரு, நான் எனக்காவ எடுத்தேன்.

இப்பவும் நீ அதே மாதிரி காலக் காட்டிட்டு உக்காந்திருக்கியோன்னு எனக்கு ஒரு தோணல். நான் தாங்க மாட்டேன், அம்மை தாங்க மாட்டான்னு. பொறுத்துப் பொறுத்து பழகிட்ட பய நீ. பழக்குனது நான்.

அஞ்சாந்தேதி காசு வரல்லன்னு இங்க யாரும் கணக்கு பாக்கல. சின்னவளுக்க சம்பளம் இருக்கு, எனக்கு தூண்டில் கட்டுதது வாரம் ஆயிரத்து ஐநூறு கிட்ட வருது, ஒம் மாமன்கிட்ட வச்ச வளையல திருப்பியாச்சு, அத நெனச்சு நீ ஒறக்கம் கெடுக்காத. ரூம்ல சோறு பொங்குதீங்களா, ஓட்டல்லயா. தண்ணி குடி. வெயில்ல தொப்பி போடு. வாறதுன்னா வா, சும்மா வா, பெட்டி வேண்டாம், யாருக்கும் சென்ட்டு பாட்டில் வேண்டாம். களியக்காவிளைல வந்து எறங்கிட்டு போன் பண்ணுனா போதும், ராத்திரி எத்தன மணின்னாலும் நான் பைக்க எடுத்துட்டு வாரேன், முதுகு இப்ப பரவால்ல. பாஸ்போர்ட்டு விஷயம் மறக்காத.

இத அம்மைகிட்ட காட்டல. தைலக் கத நீ வரும்போ நானே சொல்லிக்கிடுதேன்.

நாளைக்கு போர்ன்மவுத்து. நமக்கு ஏழரை, ஒனக்கு சாயங்காலம் அஞ்சு. டூட்டின்னா விட்டுரு. டூட்டி இல்லன்னா எங்கயாவது உக்காந்து பாரு, கோல் விழும்போ எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு, நான் எடுக்க மாட்டேன்.

அப்பா