பரிந்துரைக்கு எதிரே அமைச்சரின் பெயரை எழுதுங்கள்: கிரென்ஃபெல் தீ பற்றி ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் வீட்டுவசதிக்கும் கட்டட விதிகளுக்கும் பொறுப்பாக இருந்த, இப்போது இருக்கிற அமைச்சர்களுக்கு,

வணக்கம். 2017 ஜூன் 14 அதிகாலை மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் டவரில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அதில் 18 பேர் குழந்தைகள். நான்காவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டி அருகே தொடங்கிய தீ அது. இந்த மாதிரித் தீ லண்டனுக்குப் புதிதில்லை. வீரர்கள் வருவார்கள், அந்த ஒரு வீட்டோடு அணைத்துவிட்டுப் போவார்கள். அன்றும் 12.54க்கு அழைப்பு வந்தது, வீரர்கள் வந்தார்கள், சமையலறைக்குள்ளும் போனார்கள். அதற்குள் தீ ஜன்னல் ஓரமாக வெளிச்சுவரைப் பிடித்துவிட்டது. ஒன்றரை மணிக்குள் 24 மாடிக் கட்டடத்தின் உச்சியைத் தொட்டுவிட்டது. "வீட்டுக்குள்ளேயே இருங்கள், வந்து மீட்போம்" என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி உள்ளே இருந்தவர்கள் பலர்.

அந்தச் சுவர் ஏன் அப்படி எரிந்தது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். 1974இல் கட்டிய கான்கிரீட் கட்டடத்துக்கு, 2016இல் முடிந்த புதுப்பிப்பு வேலையில் ஒரு புது மேற்போர்வை போட்டார்கள். முதலில் துத்தநாகத் தகடு என்றுதான் பேச்சு. பிறகு செலவைக் குறைக்க, நடுவே பாலிஎத்திலின் வைத்த அலுமினியத் தகடுக்கு மாறினார்கள். மிச்சமானது சுமார் 2,93,000 பவுண்டு. பாலிஎத்திலின் என்பது பிளாஸ்டிக். மக்கள் தூங்குகிற கட்டடத்தைச் சுற்றி, கீழிருந்து மேல்வரை, எரியக்கூடிய பிளாஸ்டிக்கைச் சுற்றிவிட்டார்கள்.

தகடு விற்ற ஆர்கோனிக், வீட்டு வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்புப் பலகை விற்ற செலோடெக்ஸ், கிங்ஸ்பான் ஆகிய நிறுவனங்களைப் பற்றி நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை ஆணையம் 2024 செப்டம்பர் 4 அன்று வெளியிட்ட அறிக்கையில் கடுமையாகவே எழுதியிருக்கிறது. திட்டமிட்ட நேர்மையின்மை என்கிறது. செலோடெக்ஸ் 2014இல் தன் பொருளைச் சோதனைக்கு வைத்தபோது, தீயைத் தாங்கும் வேறு பலகைகளை இடையில் சேர்த்து வைத்து, அதை வெளியே சொல்லாமல் விற்றது. கட்டட வடிவமைப்பாளர், ஒப்பந்தக்காரர், கென்சிங்டன்–செல்சி கவுன்சில், அதன் குடியிருப்பு நிர்வாக அமைப்பு, தீயணைப்புத் துறை என்று யாரையும் அறிக்கை விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. குற்றம் சாட்டுவது பற்றிய முடிவு 2026 இறுதிக்கு முன் வராது என்று 2024இலேயே சொல்லிவிட்டார்கள். தீப்பிடித்து ஒன்பது ஆண்டுக்கு மேல். அந்தத் தாமதமே ஒரு கொடுமை, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இந்த மடல் உங்களுக்கு. ஏனென்றால் அந்த அறிக்கையின் முதல் முடிவே உங்களைப் பற்றியதுதான். இந்தத் தீ, மத்திய அரசும் கட்டுமானத் துறையில் பொறுப்பில் இருந்தவர்களும் பல பத்தாண்டுகளாகத் தவறியதன் விளைவு என்கிறது அது. அரசு என்று சொன்னால் ஒரு முகமும் தெரிவதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் ஓர் ஆள் இருந்தார். அவர் மேசைக்கு ஒரு தாள் வந்தது.

எத்தனை தாள் வந்தது என்று பாருங்கள்.

1999 ஜூனில் ஸ்காட்லாந்தின் இர்வின் நகரில் கார்னாக் கோர்ட் என்ற அடுக்குமாடியின் வெளிச்சுவர் எரிந்து ஒருவர் இறந்தார். நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, பலர் சாகிற பெருந்தீ வந்த பிறகுதான் நடவடிக்கை என்ற நிலை கூடாது என்று எழுதியது. ஸ்காட்லாந்து 2005இல் தன் விதியை இறுக்கியது. இங்கிலாந்தில் 2001இல் அரசு செலவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. கிரென்ஃபெலில் போட்ட அதே வகைத் தகடு. ஐந்து நிமிடத்துக்குள் தீ அவ்வளவு உயரம் போனதால் சோதனையையே நிறுத்தவேண்டி வந்தது. முடிவு வெளியிடப்படவில்லை, விதியும் மாறவில்லை. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி.

2009 ஜூலை 3 அன்று தெற்கு லண்டன் கேம்பர்வெலில் லக்கானல் ஹவுஸ் எரிந்தது. ஆறு பேர் இறந்தார்கள், மூன்று பேர் குழந்தைகள். அங்கேயும் வெளிச்சுவர் வழியாகத் தீ பரவியது, அங்கேயும் உள்ளே இருக்கச் சொன்னார்கள். மரண விசாரணை நடத்திய கொரோனர் 2013 மார்ச் 28 அன்று, அப்போது துறை அமைச்சராக இருந்த எரிக் பிக்கிள்ஸுக்குக் கடிதம் எழுதினார். வெளிச்சுவரில் தீ பரவுவது பற்றிய வழிகாட்டி ஏடு யாருக்கும் தெளிவாகப் புரியவில்லை, திருத்துங்கள் என்று கேட்டார். 2016–17இல் புதிய பதிப்பு வரும் என்று அந்த மே மாதம் பதில் போனது. 2017 ஜூன் 14 வந்தபோது அந்தப் பதிப்பு வரவில்லை.

இடையில் தீப் பாதுகாப்புக்கான அனைத்துக் கட்சி உறுப்பினர் குழு அமைச்சர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதியது. அதன் தலைவர் டேவிட் அமெஸ், ஆளும் கன்சர்வேடிவ் கட்சிக்காரர். தன் கட்சி அரசையே விடாமல் நச்சரித்த மனிதர் அவர். 2014இல், கூட்டணி அரசில் இருந்த லிபரல் டெமாக்ரட் அமைச்சர் ஸ்டீஃபன் வில்லியம்ஸ் அனுப்பிய பதிலின் சாரம், இது அவசரம் என்று நினைக்க எதையும் தாம் பார்க்கவோ கேட்கவோ இல்லை என்பது. லக்கானலில் ஆறு பேர் செத்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது, கொரோனரின் கடிதம் அதே துறைக்குள் இருந்தது.

தொழிற்கட்சி, லிபரல் டெமாக்ரட், கன்சர்வேடிவ். மூன்று கட்சிக்கும் இதில் பங்கு இருப்பதால்தான் ஒருவர் மற்றவரை உண்மையாகத் துருவிக் கேட்பதில்லை என்று நான் நினைக்கிறேன். தீ அடங்குவதற்கு முன்பே "இதை அரசியலாக்காதீர்கள்" என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். அதே மாதக் கடைசியில் தொழிற்கட்சியின் ஜான் மெக்டொனல் இறந்தவர்கள் அரசியல் முடிவுகளால் கொல்லப்பட்டார்கள் என்று பேசினார், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரிய சண்டை நடந்தது. கொலையா இல்லையா என்று சட்டம் சொல்லட்டும். ஆனால் விதியைத் திருத்தாமல் இருந்தது ஓர் அரசியல் முடிவு. "ஒரு புது விதி வந்தால் ஒரு பழைய விதி போக வேண்டும்" என்று ஆரம்பித்து, பிறகு ஒன்றுக்கு இரண்டு என்று ஆக்கியது டேவிட் கேமரன் ஆட்சியின் அரசியல் முடிவு. விதிகளைக் குறைக்கும் அந்த வேகம் துறையின் சிந்தனை முழுவதையும் பிடித்துக்கொண்டது, உயிர்ப் பாதுகாப்பு விஷயங்கள்கூடக் கவனிக்கப்படாமல், தள்ளிப்போடப்பட்டு, ஒதுக்கப்பட்டன என்று ஆணையமே எழுதிவிட்டது. அப்புறம் அரசியல் பேசாமல் எதைப் பேசுவது?

கட்டட விதிகளுக்கு அந்த விதிக்குறைப்பிலிருந்து விலக்கு இருந்தது என்று பிக்கிள்ஸ் 2022 ஏப்ரலில் ஆணையத்தின் முன் சொன்னார். அவருடைய அதிகாரிகளின் சாட்சியமும் அந்தக் காலத்து ஆவணங்களும் அதற்கு நேர் எதிராக இருந்தன என்று அறிக்கை சொல்கிறது. அதே அமர்வில் தமக்கு வேறு வேலைகள் இருப்பதை நினைவுபடுத்தி, நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள் என்றார். கடைசியில் பெயர் தெரியாத 96 பேர் என்று குறிப்பிட்டார். கிரென்ஃபெலில் இறந்தவர்கள் 72 பேர். 96 என்பது 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லிவந்த எண்ணிக்கை. பிறகு வருத்தம் தெரிவித்தார். வாய் தவறும், யாருக்கும் தவறும். ஆனால் அந்த 72 பேரின் பெயரும் படமும் அந்த விசாரணையின் ஆரம்பத்திலேயே, குடும்பத்தார் வந்து நாள்கணக்கில் பேசி, பதிவாகியிருந்தன. துறையை ஐந்து ஆண்டு நடத்தியவருக்கு அவர்கள் பெயர் தெரியாதவர்களாக இருந்தார்கள். அன்று அந்தக் குடும்பங்கள் பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்றும் அந்த விசாரணையில் வெளியானது. கோடிக்கணக்கான மக்கள் குடியிருக்கும் கட்டடங்களின் தீ விதி, துறைக்குள் ஒப்பீட்டளவில் கீழ்நிலையில் இருந்த ஓர் அதிகாரியின் கையில் விடப்பட்டிருந்தது. மேலே யாரும் கேட்கவில்லை. இதை ஆணையம் பெரிய குறையாகச் சொல்கிறது. அந்த அதிகாரி சாட்சிக் கூண்டில் பல நாள் இருந்து, தம் பங்கை ஒத்துக்கொண்டார். சரி, அவரை அந்த இடத்தில் தனியாக விட்டது யார்?

2022 நவம்பரில், விசாரணை முடிகிற நேரத்தில், ஆணையத்தின் வழக்கறிஞர் ரிச்சர்ட் மில்லட் ஒரு படத்தைக் காட்டினார். யார் யாரைக் குற்றம் சொன்னார்கள் என்று கோடு போட்ட படம். சிலந்தி வலை மாதிரிப் பின்னியிருந்தது. ஒவ்வொரு மரணமும் தவிர்த்திருக்கக்கூடியது என்றும் அவர் சொன்னார். 2024இல் பிரதமர் கியர் ஸ்டார்மர் பிரிட்டிஷ் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, கேட்டே ஆகவேண்டிய மன்னிப்பு அது. இருந்தாலும் அரசு என்று ஒட்டுமொத்தமாகக் கேட்கிற மன்னிப்பில் 2001க்கும் 2013க்கும் 2014க்கும் தனித்தனிப் பதில் இல்லை. விசாரணையின் முதல் கட்டத்தில் முதலில் கூண்டில் ஏறியது அன்று இரவு அந்தப் படிக்கட்டில் ஏறிய தீயணைப்பு வீரர்கள். சுவரைப் பிளாஸ்டிக்கால் மூட வழிவிட்டவர்களின் முறை ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. பழி எந்தப் பக்கம் சுலபமாக ஓடும் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

நான் கேட்பது ஒன்றுதான். ஆணையம் 58 பரிந்துரை கொடுத்தது. அதில் ஒன்று, கொரோனர்களும் நாடாளுமன்றக் குழுக்களும் பொது விசாரணைகளும் சொல்கிற பரிந்துரைகளுக்கு எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு வேண்டும் என்பது. என்ன செய்தீர்கள், செய்யாவிட்டால் ஏன் என்று அதில் எழுதச் சட்டம் வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் பரிந்துரைகளை ஏற்பதாக அறிவித்தீர்கள். அந்தப் பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள். முடிவெடுத்த அமைச்சரின் பெயர். முடிவெடுத்த தேதி. ஒருவர் பதவி மாறும்போது, கிடப்பில் இருக்கிற ஒவ்வொரு பரிந்துரைக்கும் அடுத்து வருபவர் தன் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். நிறுத்திவைப்பதும் ஒரு முடிவு என்று அப்போதுதான் ஆகும்.

அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு இருக்கிறது, தனி ஆளைச் சுட்டக்கூடாது என்பீர்கள். மழலையர் பள்ளிக்கு ரிப்பன் வெட்டும்போது கல்வெட்டில் தனிப் பெயர்தானே வருகிறது. அதிகாரிகள் பயந்து வேலை செய்யமாட்டார்கள் என்றும் சொல்வீர்கள். நான் அதிகாரியின் பெயரைக் கேட்கவில்லை, வாக்குக் கேட்டு வந்தவரின் பெயரைக் கேட்கிறேன்.

பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதைக்குப் போக வேண்டியதில்லை. கிரென்ஃபெலில் இருந்த மாற்றுத்திறனாளிகளில் 15 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு வெளியேற்றத் திட்டம் வேண்டும் என்று 2019 அக்டோபரில் ஆணையம் சொன்னது. 2022 மேயில் உள்துறை அதை மறுத்தது. பிறகு மனம் மாறி, 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வருகிற மாதிரி விதி போட்டார்கள். படிக்கட்டில் இறங்க முடியாத ஒருவர் பத்தாவது மாடியில் இருந்துகொண்டு ஆறரை ஆண்டு காத்திருந்தார். மறுத்தது யார் என்று இன்று லண்டன் தெருவில் கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது.

தகடு மாற்றுகிற வேலையும் அப்படித்தான். 9,000 முதல் 12,000 கட்டடம்வரை சரிசெய்ய வேண்டியிருக்கும், அதில் 60 சதவீதம்வரை இன்னும் அடையாளம்கூடக் காணவில்லை என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 நவம்பரில் எழுதியது. இருக்கிற வேகத்தில் 2035 ஆகும் என்றது. லண்டனில் கவுன்சில் அடுக்குமாடியில் வாழ்க்கையைத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சேர்த்த காசில் பிளாட் வாங்கி, கிளாடிங் என்கிற இந்த மேற்போர்வைப் பிரச்சினையால் விற்கவும் முடியாமல், கூடிக்கொண்டே போகிற காப்பீட்டுச் செலவையும் சேவைக் கட்டணத்தையும் கட்டிக்கொண்டு இருப்பவர்களும் எங்களில் உண்டு. அவர்கள் கட்டடத்துக்கு ஒரு தேதி வேண்டும், அந்தத் தேதிக்குப் பொறுப்பான ஒரு பெயர் வேண்டும்.

அந்தப் பதிவேட்டைப் புதிய பரிந்துரைகளோடு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். 2001 சோதனையை முதல் வரியாகப் போடுங்கள், முடிவை வெளியிட வேண்டாம் என்றது யார் என்று உங்கள் கோப்புகளில் இருந்தால் அதையும் சேர்த்து. அடுத்து 2013 மார்ச் 28 கடிதம், அதற்குப் போன பதில், பதிலில் சொன்ன பதிப்பு வராமல் போன ஒவ்வொரு ஆண்டும் அந்தத் துறையில் இருந்தவர்கள். அடுத்து 2014 பதில். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. கோப்புகள் உங்களிடம் இருக்கின்றன. நாடாளுமன்றம் அடுத்து கூடும் வாரத்தில் அவையில் வையுங்கள்.

இப்படிக்கு,
லண்டன் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் தமிழர் ஒருவர்