வாசலுக்கு ஒரு துணி நட்சத்திரம்: கிறிஸ்துமஸ் நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியதில் ஏரல் பக்கமெல்லாம் தண்ணீர்க்காடு. வெள்ளம் வடிந்து கோயிலைத் திறந்தபோது, அலங்காரச் சாமான் வைத்திருந்த அறையில் முழங்கால் அளவு சேறு. பேப்பர் நட்சத்திரங்கள் கூழாகிக் கிடந்தன. ஜிகினாத் தோரணங்களைச் சாக்கில் அள்ளிக் குப்பையில் போட்டோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ஒரு பையில் மட்டும் 11 துணி நட்சத்திரங்கள் இருந்தன. ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவர் எப்போதோ பழைய சேலையில் தைத்துக் கொடுத்தவை. மூன்று தண்ணீர் மாற்றி அலசி, மாடியில் இரண்டு நாள் காயப் போட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டன. 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்குப் பீடத்தின் முன் தொங்கியது அந்த 11 மட்டும்தான். வண்டல் கறை இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அந்த 11-இலிருந்து வந்த யோசனைதான் இது. நம் ஊரில் கிறிஸ்துமஸ் வருவதே அடைமழைக் காலத்தில். டிசம்பர் முதல் வாரம் வாசலில் கட்டுகிற பேப்பர் நட்சத்திரம், வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் கீத பவனி வருவதற்குள் கிழிந்து தொங்கும். பிளாஸ்டிக் நட்சத்திரம் மழையைத் தாங்கும். ஆனால் அடுத்த வருடம் சாயம் போய், மடிப்பில் உடைந்து, வாய்க்காலில் மிதக்கும். துணி என்றால் நனைந்தாலும் பிழிந்து காயப் போடலாம். அதனால் இந்த வருடம் 240 வீடுகளுக்கு வீட்டுக்கொரு துணி நட்சத்திரம், கோயிலில் நிறுத்தும் சவுக்கு மரத்துக்கு 100 சிறு பொம்மைகள் (மணி, புறா, ஆட்டுக்குட்டி, ஒட்டகம்), அப்புறம் 60 மீட்டர் தோரணம் என்று முடிவு செய்திருக்கிறோம். 240 வீட்டில் 30 நம் சபை வீடுகள் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் "எங்களுக்கு?" என்று கேட்டார்கள், சேர்த்துக்கொண்டோம்.

நட்சத்திரம் தைப்பது பார்க்க எளிது, செய்யும்போதுதான் தெரியும். துணியை முதல்நாளே ஊற வைத்து அலச வேண்டும், இல்லையென்றால் சிவப்புச் சாயம் பக்கத்தில் உள்ள வெள்ளையில் இறங்கிவிடும். பழைய காலண்டர் அட்டையில் அளவு வெட்டி, இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துத் தைத்து, இரண்டு அங்குலம் மட்டும் வாய் விட வேண்டும். திருப்புவதற்கு முன் ஐந்து உள்மூலைகளிலும் தையலை ஒட்டிக் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. இதை மறந்தால் நட்சத்திரம் சுருங்கி ஆமை மாதிரி ஆகிவிடும். எங்கள் முதல் ஏழு நட்சத்திரங்கள் ஆமைகள்தான்.

உள்ளே என்ன அடைப்பது என்பதில் கமிட்டியில் ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம். பெரியவர்களுக்கு இலவம் பஞ்சு வேண்டும். அது பறந்து மூக்கில் ஏறும், துவைத்தால் கட்டி தட்டும், மெழுகுவர்த்தி பக்கத்தில் வைக்கவும் பயம். வெட்டுத்துணியைப் பொடியாக நறுக்கி அடைத்துப் பார்த்தோம். கனத்துப் போனது, காய நான்கு நாள் ஆனது. கடைசியில் பாலியஸ்டர் பஞ்சுதான். அதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தானே என்று ஒரு அக்கா கேட்டது நியாயம். பல வருடம் உழைக்கும் என்பதுதான் எங்களிடம் உள்ள பதில்.

பணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறோம். பஞ்சு 7 கிலோ 1,540 ரூபாய். சிவப்பு, பச்சைத் துணி 20 மீட்டர் 1,800. நூல், ஊசி, ரிப்பன், ஓரம் வெட்டும் கத்தரி 1,560. வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்து வைக்க இரண்டு டிரங்குப் பெட்டிகள், பலகைச் செலவோடு 4,000. மீதி 13,100 ரூபாய் தையல் கூலி. மொத்தம் 22,000. ஸ்தோத்திரப் பண்டிகை விற்பனையில் வந்த 6,500 கையில் இருக்கிறது. இன்னும் 15,500 வேண்டும்.

கூலியைப் பற்றித்தான் கேள்வி வந்தது. "சபை வேலைதானே, சும்மா தைத்தால் என்ன?" என்றார்கள். தைக்கப்போகும் ஆறு பேரில் நான்கு பேருடைய மெஷின் அந்த வெள்ளத்தில் போனது. இரண்டு பேர் இன்னும் புது மெஷினுக்குத் தவணை கட்டுகிறார்கள். தவிர, இந்தப் பக்கத்தில் ஊசி வேலைக்குக் கூலி கொடுப்பது புது வழக்கமும் இல்லை. 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரின் மனைவி, அதே வேலையை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். ஆகவே ஒரு நட்சத்திரத்துக்கு 40 ரூபாய், சிறு பொம்மைக்கு 20, தோரணக் கொடி ஒன்றுக்கு 5. இதில் குறைக்க மாட்டோம்.

60 ரூபாய் தந்தால் ஒரு வீட்டு வாசலுக்கு நட்சத்திரம் ஆயிற்று. முடிந்தவர்கள் பத்து வாசலுக்குத் தரலாம். முடியாதவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து பஞ்சு அடைத்துத் தந்தால் அதுவே பெரிய உதவி. காணிக்கை உறையின் மேல் 'துணி நட்சத்திரம்' என்று எழுதுங்கள். சென்னை, மும்பை, வளைகுடாவில் இருப்பவர்கள் உங்கள் வீட்டார் கையில் கொடுத்தனுப்பினால் போதும், ரசீது கொடுப்போம். கணக்கை வாராவாரம் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலம் தொடங்குவதற்குள் வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும், அதனால் அக்டோபர் கடைசிக்குள் வந்துசேர்ந்தால் நல்லது.

பணம் மட்டும் இல்லை, துணியும் வேண்டும். நூல் சேலை, ரவிக்கைத் துணி, பட்டுச் சேலையின் கரை, தையல்கடை வெட்டுத்துண்டு எல்லாம் சரி. ஒரு ரவிக்கைத் துணியில் பத்து நட்சத்திரம் வரும். நைலான், பனியன் துணி வேண்டாம். பனியன் இழுபடும், நைலான் நழுவும். துவைத்துக் காயவைத்து அனுப்புங்கள். பழைய சட்டையில் பட்டன் இருந்தால் கழற்றிவிடாதீர்கள், ஆட்டுக்குட்டிகளுக்குக் கண் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிறிஸ்துமஸ் அலங்காரக் கமிட்டி,
பெண்கள் ஐக்கிய சங்கம்