ஆண்டறிக்கை: நம் பிடிபி-11 கணினியின் நினைவகப் பழுதும் பிறவும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடைபெற்றது. சந்தனமும் குங்குமமும் இயந்திரத்தின் வெளிக்கதவோடு நின்றன.

எஞ்சிய காலமெல்லாம் நம் பிடிபி-11இன் பழுதுக்கே சென்றது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1970இல் தொடங்கிய வரிசையைச் சேர்ந்த இந்த 16 பிட் இயந்திரம், ஐப்பசி மழை பிடித்தது முதல் சிறிய நிரல்களை ஒழுங்காக ஓட்டியும் பெரியவற்றை நடுவழியில் நிறுத்தியும் வந்தது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் குறைவதே காரணம் என்று முதலில் நம்பினோம். பிறகு 4116 நினைவகச் சிப்புகள் மீது ஐயம் எழுந்து, அவற்றை நான் புதிதாக வாங்கினேன். அது தேவைதானா என்று சென்ற கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு இங்கேயே விடை கூறிவிடுகிறேன். நம் இயந்திரம் ஒருசேரக் கையாளும் 16 பிட்டுகளை ஒரு சொல் என்போம். அச்சிப்பு ஒவ்வொன்றும் 16,384 சொற்களுக்கு ஒரு பிட் வீதமே தாங்குவதால், அது கெட்டால் சொல்லில் ஒரே ஒரு பிட்தான் பிசகும். நமக்கோ முழுச் சொல்லும் வேறாக வந்தது. இதை வாங்கும் முன்பே நான் கவனித்திருக்க வேண்டும். எனினும் சிப்புகள் கையிருப்பில் பத்திரமாக உள்ளன.

நினைவகத்தின் எல்லா இடங்களிலும் சுழியத்தை எழுதிப் படித்தபோதும், ஒன்றுகளை எழுதிப் படித்தபோதும் குறை தென்படவில்லை. இரண்டு முகவரிகள், அதாவது நினைவக இடங்களைக் குறிக்கும் எண்கள், ஒரே இடத்தைத் தொட்டாலும் இச்சோதனை தேறிவிடும் என்பது பிறகே உறைத்தது. எனவே ஒவ்வோர் இடத்திலும் அதன் முகவரியையே எழுதும் நிரலை, அவ்வேலையைச் செய்யும் 010010 என்ற கட்டளையை நடுவில் வைத்து, எட்டடிமான (0 முதல் 7 வரையான இலக்கங்களால் மட்டும் எழுதும்) முகவரி 001000 முதல் சுவிட்சுகளால் ஏற்றினேன். மூன்று ஞாயிறுகளில் முயன்றும் அது பாதியில் செத்தது. 021000ஐ எட்டியதும், அங்கே எழுதியது 001000இல் விழ, தன் மேலேயே எழுதித் தன்னை அழித்துக்கொண்டிருந்தது. நிரலை விடுத்து, 000000இல் 1ஐயும் 020000இல் 2ஐயும் கையால் இட்டு, மீண்டும் 000000ஐப் பார்த்தேன்: விளக்குகள் 2 என்றன. ஆக, எட்டடிமான 020000, அதாவது 8,192 பைட்டுகளுக்கு அப்பால் பிரித்தறியும் 13ஆம் முகவரிக் கம்பிதான் குற்றவாளி. நினைவகப் பலகையில் அந்தக் கம்பியை வாங்கும் சிப்பின் ஒரு காலில், நம் கும்பகோணத்துப் பித்தளைக் குடத்தில் ஏறுவது போலவே களிம்பு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்க்கலாமே என்றார் ஓர் உறுப்பினர். ஆல்கஹாலால் துடைத்துச் சாக்கெட்டை மாற்றினோம்.

நான் சுவிட்சு போடுகையில் விளக்குகளைப் படித்துக் குறித்துக்கொள்ளப் பெரும்பாலான ஞாயிறுகளில் ஆள் இல்லை. சம்பா நடவு என்றார்கள், ஏற்றுக்கொண்டேன். நடவு முடிந்து களையெடுப்பும் முடிந்த பின்னரும் யாரும் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துள்ளன. விவரம் பொருளாளரிடம் உண்டு. பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவையில் உள்ளது. இடமளித்தவர்களுக்கும் தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், அடுத்த மழைக்கு முன், எஞ்சிய சாக்கெட்டுகளையும் மாற்றியாக வேண்டும். என் கண்பார்வை முன்போல் இல்லை. சாலிடரிங் தெரிந்த இளைஞர் ஒருவர் முன்வந்தால் இப்பொறுப்பையும் சாவிக்கொத்தையும் அவரிடம் ஒப்படைக்க எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை.

இங்ஙனம்,
செயலாளர்