பொறுமையாகக் கேட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் தன் மனசைப் புரிந்துகொள்ளப் பழக முடியுமா என்று கேட்டால், முடியும், ஆனால் தனியாக முடியாது என்றுதான் சொல்வேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் ஆலோசகருக்கு. நீங்கள் எப்போது கேட்டாலும் "டென்ஷன்" என்ற ஒரே பதில்தான் என்னிடம் இருந்தது. கோபம், பயம், ஏமாற்றம், களைப்பு எல்லாமே அந்த ஒரு மூட்டைக்குள் கிடந்தன. அதை நீங்களே அவிழ்த்துக் காட்டியிருக்கலாம், ஆனால் "உடம்பில் எங்கே தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். தாடை இறுகியிருந்தது, அதை வைத்துக் கோபம் என்றேன். "அப்புறம்?" என்றீர்கள். வயிறு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் அதையே கவனித்த பிறகுதான், வேலை போய்விடுமோ என்ற பயம் அது என்று பிடிபட்டது. தன் உணர்வை இனம்காணத் திணறும் தன்மைக்கு பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களிலேயே 'அலெக்ஸிதைமியா' என்று பெயர் வைத்திருக்கிறார், அது ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும் என்று நீங்கள் சொன்ன அன்றுதான், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

தம்பி, உணர்வைச் சொல்லால் குறிக்கும்போது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளுக்கு எதிர்வினை காட்டும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிவதை மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2007-ல் ஸ்கேன் வழியாகக் காட்டியதை நீ உட்கார்ந்து விளக்கினாயே, அது இல்லாவிட்டால் இதையெல்லாம் வெட்டிப் பேச்சு என்று பாதியில் விட்டிருப்பேன். நன்றிடா.

ஆலோசனைக் குழுவில் என்னோடு கூட இருந்தவர்களே, "எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று ஒருவர்கூட என் பேச்சை முடித்துவைக்கவில்லை. நல்ல மனசோடு சொல்கிற வார்த்தைதான், ஆனால் அதைக் கேட்டதும் வாய் அடைத்துவிடும்.

கடைசியாக என் மனைவிக்கு. "பத்து நிமிஷம் கொடு, என்னன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொன்னால் நீ நிஜமாகவே காத்திருக்கிறாய், உன் மனசிலும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்போது. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

துக்கம் மட்டும் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, அப்பா போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே மரத்துப்போகிறது. அதற்கும் உங்களிடம்தான் வருவேன்.